குடல் வேலியில் காவல்: பங்கசும் நிர்ப்பீடனக் கலங்களும்

என் சின்னம்மாவுக்குப் பெருங்குடலில் அழற்சி என்று கண்டுபிடித்து ஒரு வருடம் ஆகிறது. மருந்து ஒழுங்காக எடுக்கிறார், தேறியும் வருகிறார். போன மாதம் அவருடைய வீட்டுக்குப் போனபோது அப்பச்சட்டி அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. பனங்கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைத்து அவர் சுடும் பாலப்பத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஏன் என்று கேட்டேன். கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். குடல் அழற்சிக்குக் காரணம் பங்கசு, கள்ளிலும் பாணிலும் காளானிலும் இருப்பது பங்கசு, இவற்றை நிறுத்தினால் வருத்தம் மாறிவிடும் என்று அதில் இருந்தது.

“பிள்ளை, நீ உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறாய். உள்ளே பங்கசு இருக்கிறதென்றால், அதைக் கொல்லுகிற குளிசையைத் தந்தால் முடிந்துவிடாதா?” என்று கேட்டார்.

அந்தச் செய்தியில் ஒரு பிடி உண்மையும் ஒரு கடகம் பிழையும் இருந்தன. அந்த ஒரு பிடி உண்மை மிக அழகானது. கடந்த இருபது இருபத்தைந்து வருடங்களில்தான் துலங்கத் தொடங்கியது. சின்னம்மாவுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒன்று. எங்கள் பாடநூல்களில் உள்ள சொற்களையே பயன்படுத்துகிறேன். பங்கசு என்பதைத் தமிழ்நாட்டில் பூஞ்சை என்பார்கள். மதுவம் என்றால் ஈஸ்ட். கலம் என்றால் செல். நிர்ப்பீடனம் என்றால் நோய் எதிர்ப்பாற்றல். வாங்கி என்றால் ஏற்பி. பரம்பரையலகு என்றால் மரபணு. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்கான சொற்களையும் ஒவ்வொன்றாக உருவாக்கினார். அந்த மண்ணில் இருந்துகொண்டு, இது ஆங்கிலத்தில்தான் விளங்கும் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பங்கசு அங்கே சிறுபான்மை. குடலில் உள்ள நுண்ணுயிர்களின் பரம்பரையலகுகளை எண்ணினால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்கு வராது. ஆனால் உருவத்தில் பெரியவை. ஒரு மதுவக் கலம் பற்றீரியாவைவிட நான்கைந்து மடங்கு அகலமானது. கன அளவில் பார்த்தால் நூறு மடங்கு வரை போகும். ஆகையால் தலையை எண்ணி மட்டும் இவற்றை ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலானவரின் குடலில் கண்டிடா என்ற மதுவம் இருக்கும். கள்ளையும் பாண் மாவையும் பொங்க வைக்கும் சக்கரோமைசிஸ் உணவோடு வந்து போகும். மலசீசியா என்ற இன்னொன்றும் உண்டு. தலையில் பொடுகு வருவதில் பங்குள்ள அதே பங்கசுதான். ஆரோக்கியமான மனிதரிடமும் இவை இருக்கின்றன. “உள்ளே பங்கசு இருக்கிறது” என்பது நோயின் பெயரல்ல.

இவற்றுக்கும் எங்கள் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கலத் தடிப்புள்ள மேலணி, அதாவது குடலின் உட்புறத்தை மூடும் படை. அதன்மேல் வழுவழுப்பான சளிப்படை. கிடுகு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒழுங்கை, உள்ளே வளவு. கிடுகு வேலியை வருடத்துக்கு ஒரு முறை பிரித்துக் கட்டுவோம். குடல் தன் வேலியை நான்கைந்து நாளுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அப்படிக் கட்டியும் எங்காவது பொட்டு, அதாவது சிறு ஓட்டை, விழும். அந்தப் பொட்டருகே காத்திருப்பவைதான் நிர்ப்பீடனக் கலங்கள்.

அந்தக் காவலை முதன்முதலில் கண்ணால் கண்டு விளக்கியவர் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், உடல் கண்ணாடிபோல் தெரியும் நட்சத்திரமீன் குடம்பிக்குள் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். அசையும் கலங்கள் வந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டன. இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1884இல் அவர் வெளியிட்ட அடுத்த ஆய்வு. நீர்த்தெள்ளு என்ற மிகச்சிறிய நீர்வாழ் உயிரியை ஒரு மதுவம் தாக்குவதை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தார். அந்த மதுவத்தின் வித்திகள் ஊசிபோன்றவை. தெள்ளு அவற்றை விழுங்கும். ஊசிகள் குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் வரும். குருதிக் கலங்கள் ஓடிவந்து விழுங்கிச் செரிக்கும். கலங்கள் வென்றால் தெள்ளு பிழைக்கும். மதுவம் வென்றால் தெள்ளு வெண்மையாகிச் செத்துப்போகும். இப்படி விழுங்கும் கலங்களான தின்குழியங்கள் உயிருள்ள கிருமியோடு போரிடுவதை விளங்கவைத்த முதல் ஆய்வே குடலைத் துளைத்து வந்த ஒரு பங்கசோடுதான் நடந்தது! 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மதுவத்தின் பேரினத்துக்கு இன்று அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கலங்களுக்குக் கண் இல்லை. வந்தது எது என்று அவை எப்படி அறிந்தன? மெச்னிக்கோவுக்குப் பிறகு நூறு வருடங்களுக்கு மேல் இதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

பதில், கலத்தின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள். இவற்றைத்தான் வாங்கி என்கிறோம். ஒவ்வொரு வாங்கியும் சில குறிப்பிட்ட வடிவங்களைத்தான் பிடிக்கும், மற்றவை அதற்குள் எளிதில் அமராது. இந்தக் கட்டுரையின் நாயகன் டெக்டின்-1 என்ற வாங்கி. பங்கசுகளின் கலச்சுவரில் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. எங்கள் கலங்களுக்குக் கலச்சுவரே கிடையாது. ஆகவே இந்தச் சங்கிலி கையில் தட்டுப்பட்டால் வந்தவர் வீட்டார் இல்லை என்பது உறுதி. டெக்டின்-1 பிடிப்பது இந்தப் பீட்டா குளூக்கனைத்தான் என்று 2001இல் ஒக்ஸ்போர்டில் கோர்டன் பிரவுணும் சைமன் கோர்டனும் காட்டினார்கள்.

பங்கசும் சும்மா இருப்பதில்லை. பீட்டா குளூக்கனுக்கு மேலே மனான் என்ற வேறொரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. மதுவம் அரும்பிப் பிரியும்போது பழைய கலத்தில் ஒரு வடு மிஞ்சும். அந்த இடத்தில் போர்வை விலகியிருக்கும். டெக்டின்-1 தடவிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த வடுவைத்தான்.

2011இல் வெளிவந்த இன்னொரு கண்டுபிடிப்பை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். பீட்டா குளூக்கன் கரைந்த துணுக்குகளாகவும் உடலில் மிதந்து வரலாம். அதற்கெல்லாம் தின்குழியம் நஞ்சைக் கக்கத் தொடங்கினால் எங்கள் திசுதான் வேகும். டெக்டின்-1 எப்படிப் பிரித்தறிகிறது? முழுப் பங்கசு நேரே வந்து ஒட்டினால் பல வாங்கிகள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூடும். அந்த நெருக்கத்தில், சமிக்ஞையை அடக்கிவைக்கும் புரதங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அப்போதுதான் உள்ளே செய்தி போகும். கரைந்த துணுக்கு வந்து தொட்டால் அந்த நெருக்கம் உண்டாகாது. அடக்கும் புரதங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கலம் அமைதியாக இருக்கும். ஒழுங்கையில் யாரோ போகும் மணத்துக்கும், படலையைத் திறந்து கால் வைப்பவருக்கும் நல்ல நாய் வேறுபாடு காட்டுவதைப்போல.

உள்ளே போகும் செய்தி சைக், பிறகு காட்-9 என்ற புரதங்கள் வழியாகக் கருவுக்குச் சென்று சில பரம்பரையலகுகளைத் தட்டி எழுப்பும். கலம் பங்கசை விழுங்கும். கூடவே சைற்றோகைன் எனப்படும் தூதுப் பொருட்களை வெளியிடும். அவற்றின் பேச்சைக் கேட்டு ஒருவகை ரீ நிணநீர்க்குழியங்கள் இன்ரலூக்கின்-17 என்ற பொருளைச் சுரக்கும். அது நடுநிலைநாடிகள் என்ற வெண்குருதிக் கலங்களை அழைத்துவரும். இரத்தக் குழாய் விரியும், நீர் கசியும், இடம் சிவந்து வீங்கும். இதுதான் அழற்சி. காலில் முள் குத்தினால் நடப்பதும் அடிப்படையில் இதுவே. அளவோடு வந்து வேலை முடிந்ததும் அடங்கினால் அழற்சி எங்கள் தோழன். அடங்காமல் மாதக்கணக்கில் குடலில் எரிந்துகொண்டிருந்தால் அது குரோன் நோய் அல்லது புண்ணோடு கூடிய பெருங்குடல் அழற்சி. சின்னம்மாவுக்கு இருப்பது இரண்டாவது. தண்ணீரால் வரும் வயிற்றோட்டமோ நெருப்புக்காய்ச்சலோ இல்லை. மற்றவருக்குத் தொற்றவும் தொற்றாது. (அவருடைய கோப்பையைப் புறம்பாக வைக்கும் உறவினர்கள் தயவுசெய்து இந்த ஒரு வரியையாவது வாசிக்க வேண்டும்.)

சின்னம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். பங்கசைக் கண்டதும் அழற்சியைத் தொடக்கிவிடும் வாங்கி டெக்டின்-1. அதை எடுத்துவிட்டால் குடல் அழற்சி கூடுமா, குறையுமா? “குறையத்தானே வேண்டும்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

2012இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சீடார்ஸ்-சைனாய் மருத்துவ நிலையத்தில் இலியான் இலியேவ், டேவிட் அண்டர்ஹில் குழுவினர் இதை எலிகளில் பார்த்தார்கள். டெக்டின்-1 இல்லாத எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேற்று என்ற உப்பைக் கலந்து கொடுத்தார்கள். அது குடல் மேலணியை அரித்துப் பொட்டு விழச் செய்யும். வாங்கி இல்லாத எலிகளுக்குத்தான் அழற்சி கடுமையாக வந்தது. அவற்றின் குடல் திசுவுக்குள் பங்கசு புகுந்திருந்தது. கண்டிடா ட்ரொபிக்காலிஸ் என்ற இனத்தை ஊட்டியபோது நிலைமை இன்னும் மோசமானது. புளூக்கனசோல் என்ற பங்கசுக்கொல்லி கொடுத்தபோது அந்த எலிகள் தேறின. மனிதரிலும் தேடினார்கள். டெக்டின்-1ஐ ஆக்கும் பரம்பரையலகின் ஒரு வடிவம், மருந்துக்கு அடங்காத கடுமையான பெருங்குடல் அழற்சி உள்ளவரில் கூடுதலாகக் காணப்பட்டது.

காவல் நாயைக் கட்டிப்போட்டால் வளவு அமைதியாகும் என்று நினைத்தோம். நடந்தது வேறு. பொட்டால் உள்ளே வந்த ஒருவரை முதல் அடியிலேயே மறிக்க ஆளில்லை. அவர் நடுவீடு வரை வந்த பிறகு ஊரே பொல்லோடு ஓடிவந்தது. சிறிய, உடனடியான, இடம் அறிந்த அழற்சி இல்லாததால் பெரிய, பிந்திய, கண்மூடித்தனமான அழற்சி வந்தது. அழற்சி என்றாலே எதிரி, அதை முற்றாக அடக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்த ஒரு பரிசோதனை என்னிடமிருந்து எடுத்துப்போட்டது. குடலின் அமைதி, ஒவ்வொரு நாளும் யாரோ விழித்திருந்து காக்கும் அமைதி.

இத்தோடு நிறுத்தினால் கதை ஒழுங்காக இருக்கும், ஆனால் நேர்மையாக இராது. 2015இல் யப்பானில் யொய்ச்சிரோ இவாகுரா குழுவினர் அதே வாங்கி இல்லாத எலிகளில் எதிர்மாறான முடிவைக் கண்டார்கள்: அவர்களுடைய எலிகளில் அழற்சி குறைந்தது. காரணத்தையும் தேடிக் கண்டார்கள். டெக்டின்-1 வேலை செய்யும்போது குடல் சில கிருமியெதிர்ப் புரதங்களைச் சுரக்கிறது. அவை லக்டோபசிலஸ் முரினஸ் என்ற நல்ல பற்றீரியாவையும் அடக்கிவிடுகின்றன. வாங்கி இல்லாவிட்டால் அந்தப் பற்றீரியா பெருகுகிறது. அது அழற்சியைத் தணிக்கும் ரீ நிணநீர்க்குழியங்களை வளர்க்கிறது. அப்படியென்றால் யார் சரி? என் பார்வையில் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. வாங்கி தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. அந்த எலியின் குடலில் ஏற்கெனவே யார் குடியிருந்தார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தருகிறது. திசுவுக்குள் புகும் பங்கசு இருக்கும் குடலில் வாங்கியை எடுப்பது ஆபத்து. நல்ல பற்றீரியா காத்திருக்கும் குடலில் அதே செயல் வேறு விளைவைத் தரும்.

கண்டிடா விடயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பனையில் முட்டி கட்டுகிறார்கள். உள்ளே சுண்ணாம்பு பூசினால் காலையில் இறங்குவது இனிப்பான கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. ஒரே பனை, ஒரே பாளை, காற்றில் அதே மதுவம். முட்டியின் உட்புறம்தான் வித்தியாசம். கண்டிடாவும் அப்படித்தான். குடல் பற்றீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து வெளியிடும் பியூட்டிரேற்று போன்ற அமிலங்கள் இருக்கும்போது அது உருண்டை மதுவமாகச் சாதுவாக இருக்கிறது. அந்த அயல் குலைந்தால், நுண்ணுயிர்கொல்லி மருந்துகளால் பற்றீரியா அழிந்தால், நீண்ட இழைகளாக மாறித் திசுவைத் துளைக்கத் தொடங்கும். இழை வடிவில் கண்டிடலைசின் என்ற நச்சைச் சுரப்பதை 2016இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 31 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதத் துண்டு அது; கல மென்சவ்வில் ஓட்டை போடும். 2022இல் நியூயோர்க்குக்கு மாறிவிட்டிருந்த இலியேவின் குழு, பெருங்குடல் அழற்சி உள்ளவர்களிடமிருந்து எடுத்த கண்டிடா வகைகளை ஒப்பிட்டது. ஒரே இனத்துக்குள்ளேயே சில வகைகள் சாது, சில வகைகள் நிர்ப்பீடனக் கலங்களைக் கடுமையாகச் சிதைத்து அழற்சியைத் தூண்டின. கண்டிடா இருக்கிறதா என்று கேட்பது போதாது, எந்தக் கண்டிடா என்று கேட்க வேண்டும்.

பொடுகுப் பங்கசான மலசீசியாவையும் இங்கே தொட்டுவிடுகிறேன். காட்-9 புரதத்தில் ஒரு சிறு மாற்றத்தோடு பிறக்கும் சிலருக்குக் குரோன் நோய் வரும் சாத்தியம் கூடுதல். அப்படிப்பட்ட நோயாளரின் குடலில் இந்தப் பங்கசு அதிகமாக ஒட்டியிருப்பதை 2019இல் காட்டினார்கள்.

சரி, சின்னம்மாவின் குளிசைக்கு வருவோம். பங்கசு முழுவதையும் கொன்றுவிட்டால்? அதையும் அண்டர்ஹில்லின் குழு 2016இல் எலிகளில் செய்து பார்த்தது. நீண்ட நாள் பங்கசுக்கொல்லி கொடுத்தார்கள். கண்டிடா குறைந்தது, அது விட்ட இடத்தில் அஸ்பெர்ஜில்லஸ், வலேமியா போன்ற வேறு பங்கசுகள் பெருகின. குடல் அழற்சி கூடியது. சுவாசப் பையின் ஒவ்வாமையும் கூடியது. வயலில் ஒரு பூண்டைப் பிடுங்கினால் கோரை ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. ஆகவே, சின்னம்மா, மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடும் விடயம் இல்லை இது. வைத்தியர் பார்த்து, தேவை என்று கண்டால் தருவார்.

அப்பம்? குரோன் நோய் உள்ள பலருடைய இரத்தத்தில், பாண் மதுவத்தின் மனானை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் என்ற காப்புப் புரதங்கள் இருப்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. சின்னம்மாவுக்கு இருக்கும் வகை அழற்சியில் அவை குறைவாகவே காணப்படும். இரண்டையும் பிரித்தறிய அந்தப் பரிசோதனை ஓரளவு உதவுகிறது. தொலைபேசிச் செய்தியின் வேர் அநேகமாக இங்கேதான். ஆனால் அந்தப் பிறபொருளெதிரிகளைக் கண்டிடாவும் உண்டாக்க முடியும். மதுவத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதால் மதுவம் நோயைத் தந்தது என்று ஆகிவிடாது. கூரையில் ஓட்டை விழுந்தால் மழையும் வரும், வெயிலும் வரும். ஓட்டையைப் போட்டது மழைதான் என்று சொல்ல முடியுமா? மாவில் பொங்கிய மதுவமோ சூடான சட்டியில் செத்துவிடுகிறது. எனக்குச் சின்னம்மாவின் அப்பத்தில் ஒரு பயமும் இல்லை. அவருடைய குடலுக்கு எது ஒத்துவருகிறது என்பதை அவருடைய வைத்தியரோடு பேசித் தீர்மானிக்கட்டும். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் வயிற்றோட்டம், காரணமில்லாமல் உடல் மெலிவு இருப்பவர்கள் கை மருந்தோடு நாள் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் எழும்பப் போகையில் சின்னம்மா ஒரு தாளைக் கொண்டுவந்தார். மலப் பரிசோதனை அறிக்கை. கல்ப்ரொடெக்டின் என்று எழுதி ஓர் எண் இருந்தது. “இது கூடினால் வருத்தம் கூடுகிறதாம், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது” என்றார்.

நடுநிலைநாடியின் உள்ளே இருக்கும் கரையும் புரதத்தில் ஏறத்தாழ அரைவாசி கல்ப்ரொடெக்டின்தான். அது நாகத்தையும் (துத்தநாகம்) மங்கனீசையும் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம். இந்த இரண்டு உலோகங்களும் கிடைக்காவிட்டால் கண்டிடா வளர முடியாது. பங்கசைப் பட்டினி போட உடல் வைத்திருக்கும் ஆயுதம் அது. நடுநிலைநாடிகள் குடலுக்குள் கூட்டமாக வந்து செத்தால் அந்தப் புரதம் மலத்தோடு வெளியேறுகிறது. ஆய்வுகூடம் அதை அளக்கிறது. ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் குடல் அமைதியாக இருக்கிறது என்று கொள்வார்கள்.

சின்னம்மாவின் முதல் அறிக்கையில் நான்கு இலக்கங்கள் இருந்தன. இந்தத் தாளில் இரண்டு. அவர் விரலை வைத்து அந்த எண்ணை இன்னொரு முறை வாசித்தார். பிறகு கிளினிக் கொப்பிக்குள் தாளை வைத்துக்கொண்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக “அப்பம்” என்று பென்சிலால் எழுதினார்.